கண்ணை மூடிக்கொண்டு '5'-ஐத் தொட முடியுமா? பார்வையற்றவர்களின் விரல் நுனியில் கீபேட்

வீட்டு அலமாரியில் எங்காவது ஒரு பழைய பட்டன் போன் கிடக்கும். அதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் 5-ஐ விரலால் தடவிப் பாருங்கள். கடுகளவு ஒரு மேடு தட்டுப்படும். ஏடிஎம் கீபேடிலும் 5-ன் மேல் அதே மேடு உண்டு. கம்ப்யூட்டர் கீபோர்டில் எஃப், ஜே என்ற இரண்டு எழுத்துகளின் மேல் அது சின்னக் கோடாக இருக்கும். தினமும் தொடுகிறோம், ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்க மாட்டோம்.

இப்போது உங்கள் ஸ்மார்ட்போனில் யுபிஐ பின் போடும் திரைக்கு வாருங்கள். அங்கேயும் 5 நடுவில்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால்? மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வெறும் கண்ணாடி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வை மாற்றுத்திறனாளிகள் சுமார் 50 லட்சம் பேர். டீக்கடை முதல் மின் கட்டணம் வரை எல்லாமே போனுக்குள் போய்விட்ட காலத்தில், அவர்களும் இதே கண்ணாடியில்தான் இந்த நான்கு அல்லது ஆறு இலக்கங்களைப் போட வேண்டும். போட முடியாவிட்டால் என்ன ஆகும் என்பது கடை கவுன்ட்டரில் நிற்பவர்களுக்குத் தெரியும். "பின் நம்பரைச் சொல்லுங்க சார், நானே போட்டுடறேன்" என்பார் கேஷியர். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் சொன்ன பிறகு அது ரகசிய எண் இல்லையே!

ஒரு கீபேடைப் பார்வையற்றவர் தானே பயன்படுத்த முடிகிறதா, இல்லையா என்பது எதைப் பொறுத்தது?

புள்ளியின் வேலை என்ன?

ஏடிஎம் பட்டன்களில் பிரெய்ல் எழுத்து இருப்பதைப் பார்த்து, 'பார்வையற்றவர்கள் ஒவ்வொரு பட்டனையும் தடவிப் படித்துத்தான் அழுத்துகிறார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. பிரெய்ல் படிக்கத் தெரியாத பார்வையற்றவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், குறிப்பாக நடுவயதுக்குப் பிறகு பார்வை இழந்தவர்கள். அவர்களுக்கும் அந்த ஒரு புள்ளி போதும். 5 கிடைத்துவிட்டால் அதற்கு மேலே 2, கீழே 8, இடது பக்கம் 4, வலது பக்கம் 6. இருட்டில் வீட்டுக்குள் நடக்கும்போது ஒரு கதவு நிலை கைக்குத் தட்டுப்பட்டால் போதும், மற்றதெல்லாம் எங்கே என்று நமக்குத் தெரிந்துவிடும் இல்லையா? அந்த வேலையைத்தான் புள்ளி செய்கிறது.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. எண்கள் இருக்கும் வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். போன் கீபேடின் வரிசை தற்செயலாக வந்ததல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1950-களின் இறுதியில் பத்து பட்டன்களையும் வட்டமாக, இரண்டு வரிசையாக, கால்குலேட்டர் போல என்று பலவிதமாக அடுக்கி, மனிதர்களை வைத்துச் சோதித்தார்கள். அந்த முடிவுகளை 1960-ல் டெய்னிங்கர் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். 1963-ல் பட்டன் போன் விற்பனைக்கு வந்தபோது 1-2-3 மேல் வரிசையில் இருந்தது. ஸ்டார், ஹேஷ் பட்டன்கள் 1968-ல் சேர்ந்தன. இன்று உலகம் முழுக்க அதே அமைப்புதான்.

கால்குலேட்டரில் மட்டும் 7-8-9 மேலே இருக்கும். இரண்டிலும் 5 நடுவில்தான். எனவே புள்ளியைத் தொட்டாலும், 'இது போன் வரிசையா, கால்குலேட்டர் வரிசையா' என்று தெரியாவிட்டால் 1-க்குப் பதில் 7 விழும். பார்க்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. பார்க்காதவர்களுக்கு மூன்று முறை தப்பாகப் போட்டு கார்டு முடங்கும் விவகாரம்.

ஏடிஎம்களில் ஓரத்து பட்டன்களுக்கும் அடையாளம் உண்டு. பச்சை நிற 'என்டர்' மேல் ஒரு வட்டம், சிவப்பு 'கேன்சல்' மேல் ஒரு பெருக்கல் குறி, இவை தொட்டாலே தெரியும்படி புடைத்திருக்கும். இந்தியாவில் புதிதாக வைக்கும் ஏடிஎம்களில் மூன்றில் ஒரு பங்காவது பேசும் வசதியும் பிரெய்ல் கீபேடும் கொண்டவையாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் வங்கிகளுக்குச் சொன்னது. 2014 ஜூலை 1 முதல் புதிய ஏடிஎம்கள் எல்லாவற்றுக்குமே அது பொருந்தும் என்றது. ஆனால் இந்த வசதிகள் ஏடிஎம் இயந்திரங்களில் வந்து சேர்ந்த அதே ஆண்டுகளில் நம் பணம் ஏடிஎம்மை விட்டு போனுக்குப் போய்விட்டது!

தேடுவதும் அழுத்துவதும் ஒன்றானால்?

2007-ல் ஐபோன் வந்தபோது அதில் எண் பட்டன்களே இல்லை. பார்வையற்றவர்களுக்கு அப்போது வந்த சிக்கல், திரை தெரியவில்லை என்பது மட்டுமல்ல. பட்டன் போனில் விரல் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்யும். முதலில் தடவித் தேடும், பிறகு அழுத்தும். தடவும்போது எதுவும் ஆகாது. தொடுதிரையில் தொட்டாலே அழுத்தியதாக அர்த்தம். 5-ஐத் தேடப் போனால் வழியில் இருக்கும் 1, 2, 4 எல்லாம் விழுந்துவிடும்.

தீர்வு, இரண்டையும் மறுபடி பிரிப்பதுதான். விரல் திரையில் ஊர்ந்தால் அடியில் இருப்பதைப் போன் குரலில் சொல்லும், ஆனால் எதையும் செய்யாது. வேண்டியது கிடைத்ததும் தனியாக ஒரு தட்டு தட்டினால் செயல்படும். ஷான் கேன், ஜெஃப்ரி பிகம், ஜேக்கப் வோப்ராக் ஆகியோர் 2008-ல் 'ஸ்லைடு ரூல்' என்ற ஆய்வு மாதிரியில் இதைச் செய்து காட்டினார்கள். 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் 'வாய்ஸ்ஓவர்' வந்தது, அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்' வந்தது. இன்று உங்கள் போனிலும் இவற்றில் ஒன்று இருக்கிறது. தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

வேலை நடக்கும், ஆனால் நேரம் ஆகும். ஒவ்வொரு எண்ணையும் தேடி, குரலைக் கேட்டு, இரண்டு முறை தட்ட வேண்டும். இதைக் குறைக்க, கீபோர்டுகளில் இன்னொரு முறை உண்டு. விரலை நகர்த்திக்கொண்டே போய், வேண்டிய எழுத்து காதில் விழுந்ததும் விரலை எடுத்தால் போதும், அந்த எழுத்து பதிவாகும். இதற்குக் குரல் உடனுக்குடன் வர வேண்டும். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி ஒரு கணம் தாமதித்தால், காதில் கேட்பது ஒரு எழுத்தாகவும் விரலடியில் இருப்பது அடுத்த எழுத்தாகவும் ஆகிவிடும்.

விரல் வைத்த இடமே 5

டி.வி.ராமனின் யோசனை இங்கேதான் வருகிறது. புணேயில் பிறந்தவர், 14 வயதில் பார்வையை முழுதாக இழந்தவர். ஐஐடி பம்பாயில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கூகுளில் பொறியாளரானார். தொடுதிரை போன்கள் வந்தபோது, பார்வையற்றவர்களுக்கு இது இனி எட்டாது என்ற கவலை பரவலாக இருந்தது. ராமனும் அவரது சகா சார்லஸ் சென்னும் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள்.

திரையில் 5 எங்கே இருக்கிறது என்று விரல் ஏன் தேட வேண்டும்? விரல் முதலில் எங்கே படுகிறதோ, அந்த இடமே 5 என்று வைத்துக்கொண்டால்?

அவர்கள் செய்த டயலர் அப்படித்தான் வேலை செய்தது. திரையில் எங்கே வேண்டுமானாலும் விரலை வையுங்கள், அது 5. அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, இடப்பக்கம் மேல்மூலை நோக்கி இழுத்தால் 1, வலப்பக்கம் கீழ்மூலை நோக்கி இழுத்தால் 9. தப்பாகிவிட்டதா? போனை ஒரு குலுக்கு குலுக்கினால் கடைசி எண் அழிந்துவிடும். புடைத்த புள்ளி இல்லை, பிரெய்ல் இல்லை, கூடுதல் கருவி எதுவும் இல்லை. பல வருடங்களாகக் கைக்குப் பழகிய அதே போன் வரிசைதான்.

இதில் கவனிக்க வேண்டியது, ராமன் கண்ணாடியில் பட்டன்களை வரையவே இல்லை என்பது. கண்ணால் பார்த்துப் பழகிய டிசைனர் முதலில் திரையில் ஒன்பது கட்டம் போடுவார், அப்புறம் அதைப் பார்வையற்றவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பார். ராமன் விரலில் இருந்து தொடங்கினார். அந்த டயலர் எல்லோர் போனிலும் நிலைத்துவிடவில்லை. ஆனால் அதே சிந்தனை இன்னொரு இடத்தில் பெரிதாக வந்தது.

லூயி பிரெய்ல் 1824-ல், 15 வயதில் உருவாக்கிய முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளிகளுக்குள் அடங்கும். எனவே ஆறு விரல் இருந்தால் ஓர் எழுத்தை ஒரே அழுத்தில் போட்டுவிடலாம். பிரெய்ல் டைப்ரைட்டர்களில் அப்படித்தான் அடிக்கிறார்கள். 2014-ல் ஐபோனிலும் 2020-ல் ஆண்ட்ராய்டிலும் இது திரைக்கே வந்தது. போனைப் படுக்கை வாட்டில், திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி இரு கைகளாலும் பிடித்து, பக்கத்துக்கு மூன்று விரலாகத் திரையில் தட்டுகிறார்கள். ஐபோனில் முதலில் விரல்களை வைத்துக் காட்டினால், புள்ளிகளின் இடத்தைப் போன் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். பெரிய கையோ சின்னக் கையோ, பட்டன்கள்தான் விரலைத் தேடி வருகின்றன. பேருந்தில் யாராவது போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு புல்லாங்குழல் வாசிப்பது போல விரலை அசைத்தால், அவர் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

தமிழில் டைப் செய்தால்?

எண்கள் பத்துதான். தமிழுக்கு வந்தால் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மேலே கிரந்த எழுத்துகள் வேறு. ஒரு கை அகலத் திரையில் இத்தனையையும் அடுக்கினால் ஒவ்வொரு விசையும் ஒடுங்கிப்போகிறது. ஒடுங்கிய விசையில் விரல் சற்று நழுவினால் பக்கத்து எழுத்து. சில கீபோர்டுகளில் மெய்யெழுத்தைத் தட்டியதும் உயிரெழுத்து வரிசை கா, கி, கீ என்று மாறிவிடும். பார்ப்பவர்களுக்கு வசதி. விரல் ஞாபகத்தை நம்பி அடிப்பவருக்கோ, நேற்று இருந்த கதவை இன்று காணோம் என்ற கதை.

பிரெய்லில் இந்தத் தொல்லை குறைவு. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் 'கே' என்று எழுத, க-வுக்கான புள்ளிகள், அடுத்து ஏ-வுக்கான புள்ளிகள், அவ்வளவுதான். அச்சில் கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும் என்ற சுற்றிவளைப்பு அங்கே கிடையாது. காதில் கேட்கும் வரிசைதான் எழுதும் வரிசை. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 கீபோர்டும் இதே வழியில்தான் போகிறது: மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் மெய் என்று பிரித்திருப்பதும் தடவிப் பழகுபவருக்கு ஒரு நல்ல பிடிமானம்.

ஒலியில்தான் ஒரு வம்பு இருக்கிறது. விரல் ந மேல் இருந்தாலும் ன மேல் இருந்தாலும் காதில் விழுவது ஒரே ஒலி. ர, ற இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் குரலும் அரிது. ஆங்கில எழுத்துகளுக்கு 'ஆல்ஃபா, பிராவோ' என்று சொல்லி விளக்கும் வழக்கம் இருக்கிறது. நமக்கு அதைக் கடன் வாங்க வேண்டியதில்லை. தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று பள்ளியில் படித்தோமே, அதைவிடத் தெளிவான பெயர் வேண்டுமா? விரல் ஒரு கணம் நின்றால் 'றன்னகரம்' என்று குரல் சொன்னால் போதும், குழப்பம் தீர்ந்தது. தமிழ் கீபோர்டு ஆப் செய்பவர்கள் கவனிக்கலாம்.

ரகசியம் யாருக்கு?

சரி, மறுபடி பின் நம்பருக்கு வருவோம். மேலே சொன்ன அத்தனை வசதியும் இங்கே ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறது. குரல்தான் உதவி. ஆனால் ரகசிய எண்ணை உரக்கச் சொன்னால் அது ரகசியமா?

போனில் இதற்கு ஓரளவு வழி உண்டு. ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். திரையை முழுக்கக் கறுப்பாக்கும் 'ஸ்கிரீன் கர்ட்டன்' வசதியை ஐபோனில் போட்டுக்கொண்டால், பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கடையில் இருக்கும் கார்டு இயந்திரத்தில் இந்த வழி இல்லை. பின் போடும்போது எந்த எண் அழுத்தப்பட்டது என்று ஒலியாலோ திரையாலோ காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. எல்லா எண்ணுக்கும் ஒரே 'பீப்'தான். பட்டன் இருந்த இயந்திரத்தில் இது பிரச்சினையே இல்லை, 5-ன் மேல் புள்ளி இருந்தது. பட்டனை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்ததும் புள்ளியும் போனது, குரலும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இதற்காக நீதிமன்றத்துக்கே போனார்கள். அங்கே காமன்வெல்த் வங்கி கடைகளுக்குக் கொடுத்த 'ஆல்பர்ட்' என்ற தொடுதிரை கார்டு இயந்திரத்தில் தன்னால் பின் போட முடியவில்லை என்று 2018-ல் கிரேம் இன்னஸ் வழக்குத் தொடர்ந்தார். அவர் அந்நாட்டின் முன்னாள் மாற்றுத்திறனாளி உரிமை ஆணையர், பார்வையற்றவர். ஆல்பர்ட்டில் பார்வையற்றோருக்கென ஒரு தனி முறை இருக்கத்தான் செய்தது. ஆனால் பின்னால் வரிசை நிற்கும்போது கவுன்ட்டரில் நின்று புதிதாக ஒரு முறையை யார் கற்றுக்கொள்வது? 2019 தொடக்கத்தில் வங்கி சிரமத்தை ஒப்புக்கொண்டு, மென்பொருளை மேம்படுத்துவதாகச் சொல்லிச் சமரசம் செய்துகொண்டது.

நம் ஊர்க் கடைகளிலும் இப்போது தொடுதிரை இயந்திரங்கள் வந்துவிட்டன. கார்டைத் தட்டிச் செலுத்தினால் 5,000 ரூபாய் வரை பின் தேவையில்லை. அதற்கு மேல் ஒரு மிக்ஸி வாங்கினாலும் கண்ணாடியில் பின் போட வேண்டும். திரை மேல் பொருத்தும், மேடு வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்று இதற்கென்றே இருக்கிறது. மலிவான, எளிமையான பொருள். கேட்டு வாங்கிக் கடையில் வைத்தால்தான் உண்டு.

வங்கி ஆப்களில் இன்னொரு கூத்து. யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களாம், எனவே ஒவ்வொரு முறையும் எண்களைக் கலைத்துப் போடுகிறார்கள் சிலர். இன்று 5 இருந்த இடத்தில் நாளை 8. விரல் ஞாபகம் மொத்தமும் வீண். ஒவ்வொரு எண்ணையும் முதலிலிருந்து தேட வேண்டும், அதற்குள் நேரம் முடிந்து ஆப் வெளியே தள்ளிவிடும். திரையைக் கறுப்பாக்கிவிட்டு ஹெட்போனில் கேட்டு அடிப்பவரை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? ஸ்கிரீன் ரீடர் ஓடுகிறது என்று தெரிந்தால் கலைப்பதை நிறுத்திவிடலாம். கலைத்தே தீருவேன் என்பது என் பார்வையில் பாதுகாப்பு அல்ல, சோம்பல்.

இதைவிட மோசம், எண்களைப் படமாகப் போட்டு, பெயர் வைக்காமல் விடுவது. எந்த எண்ணைத் தொட்டாலும் குரல் "பட்டன்... பட்டன்..." என்று மட்டுமே சொல்லும். இன்னும் சில ஆப்கள், டாக்பேக் ஓடினாலே திறக்க மறுக்கின்றன. காரணம் நியாயமானதுதான். ஆண்ட்ராய்டின் இந்த உதவி வசதிகளைத் தவறாகப் பயன்படுத்திப் பணம் திருடும் வைரஸ்கள் உண்டு. ஆனால் திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரரையே வெளியே நிறுத்துவது தீர்வாகாது. நிஜமான உதவிக் கருவிகளுக்கு மட்டும் திரையைக் காட்டி, மற்றவற்றிடமிருந்து மறைக்கும் வழியை ஆண்ட்ராய்டு 14 கொடுத்திருக்கிறது. அதேபோல, கீபேடில் இருப்பவை சாதாரண பட்டன் அல்ல, 'கீபோர்டு விசை' என்று ஒரு வரி நிரலில் குறிப்பிட ஐபோனிலும், ஆண்ட்ராய்டு 10 முதலும் வசதி உண்டு. அப்படிக் குறித்தால், விரலை எடுத்தாலே எண் பதிவாகும். இரண்டு முறை தட்ட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வழக்கு வங்கிகளின் கேஒய்சி நடைமுறை பற்றியது. ஆனால் கணக்கைத் திறக்க உரிமை உண்டு, அதில் பின் போட உரிமை இல்லை என்று யாரும் வாதிட முடியாது.

ஐடி துறையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேலை. ஆண்ட்ராய்டு போனில் வால்யூம் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் தொடங்கும், முதல் முறை அனுமதி கேட்கலாம். பிறகு ஒரு தட்டு தட்டினால் பெயர் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பதறாதீர்கள், அதே இரண்டு பட்டன்களை அதே போல அழுத்தினால் நின்றுவிடும். நீங்கள் வேலை பார்க்கும் ஆப்பைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு பின் திரைக்குப் போங்கள். 5-ஐத் தொட்டால் "ஐந்து" என்று சொல்கிறதா? இரண்டு எண் போட்ட பிறகு, இரண்டு போட்டாயிற்று என்று தெரிவிக்கிறதா? அழிக்கும் பட்டன் தன் பெயரைச் சொல்கிறதா? இல்லையென்றால், நாளைக் காலை டீம் மீட்டிங்கில் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. எண்களுக்குப் பெயர் வைப்பது அரை மணி நேர வேலைதான்.